கையெழுத்துக்கு ஐந்து ரூபாய்

சந்திப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் தொலைபேசியில் கேட்டபோது, எனக்கு எழுத்தெல்லாம் வராதுப்பா, ஆளை விடு என்றுதான் சொன்னேன். விடவில்லை. நம் சங்கத்தில் ஒருவன் மாட்டினால் மாட்டினதுதான் என்பது உங்களுக்கே தெரியும்!

விஷயம் இதுதான். இந்த முறை சந்திப்பு அன்று அதிகாலை படூரில் நம் கல்லூரி வாசலில் கிளம்பி, கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் கடற்கரை வரைக்கும் ஒரு நடை. கட்டணம் கட்ட வழியில்லாமல் படிப்பைப் பாதியில் விடும் நிலையில் இருக்கிற இன்றைய பிள்ளைகளுக்காக நிதி திரட்டும் நடை. அந்த நடைக்குழுவுக்குப் பொருளாளர் வேலையை என் தலையில் கட்டியாகிவிட்டது. ஆகவே எப்படியெல்லாம் புதுசு புதுசாகப் பணம் சேர்க்கலாம் என்று நான்கு பக்கம் எழுதிக் கொடு என்பது உத்தரவு.

யோசனைப் பட்டியல் போட எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பதில், ஊர் ஊராக நடந்து, கை நீட்டி, விதம் விதமாக வசூல் செய்து, கடைசிக் காலணா வரைக்கும் கணக்கும் வைத்த ஒரு பெரியவரின் வாழ்க்கையைச் சொல்கிறேன். நம் பர்ஸில் ரூபாய் நோட்டில் சிரித்துக்கொண்டிருக்கிற அதே தாத்தாதான். சத்தியாக்கிரகம், அகிம்சை, சுதந்திரம் எல்லாம் ஏழாம் வகுப்பிலேயே படித்து மார்க் வாங்கியாச்சு. வசூல்காரர் காந்தியைப் பற்றி மட்டும் எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. என்னுடைய பழைய கணக்கு ஒன்றும் இதில் பாக்கி இருக்கிறது. நடுவில் வரும்.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி பிறந்தது 1869 அக்டோபர் 2, போர்பந்தரில். 1888-ல் பாரிஸ்டர் படிப்புக்கு லண்டன் போனார். முதலில் கொஞ்ச நாள் நடனம், வயலின், பட்டுத் தொப்பி என்று நம்மைப் போலத்தான் ஆட்டம் போட்டார். அப்புறம் அண்ணன் அனுப்புகிற பணம் கண்முன் வந்திருக்க வேண்டும். ஒரு சின்ன நோட்டு போட்டார். பஸ் கட்டணம், தபால் தலை, செய்தித்தாளுக்குக் கொடுத்த சில்லறை, எல்லாம் அதில் ஏறும். ராத்திரி படுக்கும் முன் கூட்டி, கையிருப்போடு சரிபார்த்துவிட்டுத்தான் தூக்கம். கணக்கைப் பார்த்ததும் வண்டிச் செலவு உறுத்தியது. அறையை மாற்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார், தினமும் 8 மைல், 10 மைல். நடையும் கணக்கும் ஒரே நாளில் ஒரே காரணத்துக்காக அவரிடம் வந்து சேர்ந்தவை என்று சொல்லலாம். உடம்புக்கு நோய் வராமல் காத்தது அந்த நடைதான் என்று பிற்காலத்தில் எழுதினார்.

1893-ல் தென்னாப்பிரிக்கா. ரயிலில் இருந்து இறக்கிவிட்ட கதை தெரிந்ததுதான், தாண்டிவிடுகிறேன். 1894-ல் நேட்டாலில் இருந்த இந்தியர்களைக் கூட்டி நேட்டால் இந்தியர் காங்கிரஸ் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். வயது 24. சங்கம் என்றால் சந்தா. மாதம் குறைந்தது 5 ஷில்லிங், வசதி உள்ளவர்கள் கூடுதலாக. தாதா அப்துல்லா சேட் 2 பவுண்டு, காந்தி தன் பெயருக்கு 1 பவுண்டு என்று எழுதிக்கொண்டார்கள். அப்புறம் என்ன ஆச்சு? எல்லாச் சங்கத்திலும் ஆவதுதான். பெயர் எழுதியவர்கள் எல்லாரும் பணம் கட்டவில்லை. டர்பனுக்கு வெளியே இருப்பவர்களை மாதாமாதம் தேடிப்போய்க் கேட்க முடியவில்லை. முதல் சூடு ஆறிவிட்டது. நம் சங்கத்தின் ஆயுள் சந்தா பட்டியலைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

காந்தி மாற்றி யோசித்தார். மாதச் சந்தாவை எடுத்துவிட்டு, ஆண்டுக்கு 3 பவுண்டு முன்பணமாக வாங்குவது என்று வைத்தார். பிறகு ஒரு கோஷ்டியாகக் கிளம்பி ஊர் ஊராகப் போனார்கள். டோங்காட் என்ற ஊரில் ஒரு வியாபாரி வீட்டில் தங்கல். அவரிடம் 6 பவுண்டு எதிர்பார்த்தார்கள். அவர் 3-க்கு மேல் ஒரு காசு கிடையாது என்றுவிட்டார். அவரிடம் 3 வாங்கினால் மற்ற எல்லாரும் அதைக் காட்டியே குறைத்துவிடுவார்கள். ராத்திரி நேரம், எல்லாருக்கும் பசி, வீட்டில் சாப்பாடு தயார். இவர்களோ 6 பவுண்டு வராமல் சாப்பிட மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் எடுத்துச் சொன்னார்கள். அவரும் அசையவில்லை, இவர்களும் அசையவில்லை. கூட வந்தவர்களுக்கு உள்ளுக்குள் கொதிப்பு, ஆனால் ஒருத்தர் வாயில் இருந்தும் ஒரு கடுஞ்சொல் வரவில்லை. விடிகிற நேரத்தில் மனிதர் இளகி, 6 பவுண்டை எடுத்து வைத்து, எல்லாருக்கும் விருந்தும் போட்டார். அந்தச் செய்தி இவர்களுக்கு முன்னாடியே அடுத்த ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கெல்லாம் வேலை சுலபமாகிவிட்டது.

இதைப் படித்து நான் சிரித்தேன். நன்கொடை கேட்கப் போன இடத்தில் விடிய விடிய பட்டினி கிடப்பது எந்த நிர்வாகப் படிப்பிலும் சொல்லித்தராத வித்தை. ஆனால் அதே பக்கத்தில் அவர் சொல்லும் இன்னொன்றில் சிரிப்பு நின்றுவிட்டது. வாங்கிய ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கொடுத்தார்கள். ஒவ்வொரு பைக்கும் கணக்கு இருந்தது. கணக்கு ஒழுங்காக இல்லாத பொதுக்காரியத்தில் உண்மையும் தங்காது என்பது அவருடைய கட்சி. பல வருடம் கழித்துச் சுயசரிதை எழுதும்போது, அந்த 1894-ஆம் வருடத்துக் கணக்குப் புத்தகங்கள் இன்றைக்கும் அப்படியே கிடைக்கும் என்று தெம்பாகச் சொல்கிறார்.

இங்கேதான் என் பழைய பாக்கி.

நாங்கள் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது எங்கள் வகுப்பில் ஒருவன் இரண்டாம் தவணைக் கட்டணம் கட்ட முடியாமல் நின்றான். பெயர் வேண்டாம், எங்கள் செட்டுக்குத் தெரியும். அப்போதெல்லாம் ஓ.எம்.ஆர். என்ற பெயரே கிடையாது, பழைய மகாபலிபுரம் ரோடுதான். இரண்டு பக்கமும் பொட்டல், பல்லவன் பஸ் வந்தால் உண்டு. கட்டணம் கட்டக் கடைசி நாளுக்கு ஒரு வாரம் இருந்தது. நான்தான் முன்னே நின்று, ஹாஸ்டல் குளியலறையில் இருந்து ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போனேன். கூட மூன்று பேர். பசங்க போட்டார்கள், குறை சொல்லக்கூடாது. ஐந்து ரூபாய், பத்து ரூபாய், மெஸ் பையன்கூட இரண்டு ரூபாய் போட்டான். நோட்டு எதுவும் போடவில்லை. நம்ம பசங்கதானே, எதுக்குடா கணக்கு என்ற திமிர். இரண்டாம் நாள் சாயங்காலம் கேளம்பாக்கத்தில் டீ குடித்தபோது கையில் சில்லறை இல்லை. வாளியில் இருந்து இருபது ரூபாய் எடுத்தோம். திருப்பிப் போட வேண்டும் என்றுதான் எடுத்தோம். போடவில்லை, மறந்துவிட்டோம்.

அதை யாரோ பார்த்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனால் கதவு திறக்கவில்லை. அவன் பேரைச் சொல்லி வசூல் பண்ணி இவனுங்க புரோட்டா திங்கிறானுங்க என்று ஹாஸ்டல் முழுக்கப் பேச்சு. அதுவரை வந்தது எவ்வளவு என்று கேட்டவர்களிடம் காட்ட என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இருபது ரூபாய்தான் எடுத்தோம் என்றால் யார் நம்புவார்கள்? பேச்சு அவன் காதுக்கும் போனது. அவன் வாளியில் இருந்ததையும் வாங்க மாட்டேன் என்றுவிட்டான். அடுத்த வாரம் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனான். எங்கள் குழுப் புகைப்படத்தில் இரண்டாம் வரிசையில் அவன் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் அவனிடம் நேரில் மன்னிப்புக் கேட்கவில்லை.

சரி, காந்திக்கு வருவோம்.

1901-ல் அவர் இந்தியா திரும்பக் கிளம்பியபோது நேட்டால் மக்கள் பரிசாகக் குவித்துவிட்டார்கள். தங்கச் சங்கிலி, கடிகாரம், வைர மோதிரம். கஸ்தூரிபாவுக்கு என்று 50 கினி மதிப்பில் ஒரு கழுத்துமாலை. மனிதருக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, அறைக்குள் நடையாக நடந்திருக்கிறார். பொதுவேலைக்குக் கிடைத்ததைச் சொந்தமாக வைத்துக்கொள்வதா? விடிவதற்குள் எல்லாவற்றையும் ஒரு அறக்கட்டளையில் வைப்பதாகக் கடிதம் எழுதிவிட்டார். பார்சி ருஸ்தம்ஜி முதலியவர்கள் பொறுப்பாளர்கள். பிள்ளைகள் உடனே சரி என்றார்கள். கஸ்தூரிபா ஒப்பவில்லை. நாளைக்கு மருமகள்கள் வருவார்களே, நீங்கள் வாங்கியா போடப்போகிறீர்கள், என் மாலையின் மேல் உங்களுக்கு என்ன உரிமை என்ற பொருளில் அந்த அம்மா கேட்ட கேள்விகளை அவரே மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். அழுகையும் சண்டையுமாகக் கடைசியில் எப்படியோ சம்மதம் வாங்கினார். எனக்கு இதில் கஸ்தூரிபா பக்கம்தான் மனசு போகிறது. நகை அவருக்குக் கொடுக்கப்பட்டது. ஆனால் அந்த நிதி நிலைத்தது என்பதும், சமூகத்துக்கு அவசரத் தேவை வந்தபோதெல்லாம் கைகொடுக்க இருந்தது என்பதும் உண்மை.

1910-ல் ஜோஹானஸ்பர்க்கில் இருந்து 21 மைல் தள்ளி டால்ஸ்டாய் பண்ணை. கல்லன்பாக் என்ற நண்பர் கொடுத்த 1,100 ஏக்கர். அங்கே ஒரு சட்டம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பண்ணை வேலையாக நகரத்துக்குப் போனால் மூன்றாம் வகுப்பு ரயில் டிக்கெட் உண்டு. சொந்த ஜாலிக்குப் போகிறவன் நடந்து போக வேண்டும், சாப்பாடும் வீட்டில் இருந்தே கட்டிக்கொண்டு போக வேண்டும். ராத்திரி 2 மணிக்கு எழுந்து 21 மைல் நடந்திருக்கிறார்கள். கூட்டத்துக்கு வருகிற நம் நிர்வாகக் குழு பயணப்படி பற்றி நான் எதுவும் சொல்லவில்லை!

1913 நவம்பர் 6 அன்று கிளம்பியது நிஜமான நடைக்குழு. ஒப்பந்தக் கூலி முடிந்த பிறகும் அந்த நாட்டில் இருக்கும் இந்தியர்கள் தலைக்கு வருடம் 3 பவுண்டு வரி கட்ட வேண்டும் என்ற கொடுமையை எதிர்த்து, சுரங்கத் தொழிலாளர்கள் நேட்டாலில் இருந்து டிரான்ஸ்வால் எல்லையைக் கால்நடையாகத் தாண்டினார்கள். ஆண்கள் 2,037, பெண்கள் 127, குழந்தைகள் 57. தமிழர்கள் ஏராளம். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, கொஞ்சம் சர்க்கரை, அவ்வளவுதான். வழியில் ஒரு வெள்ளைக்கார ரொட்டிக் கடைக்காரர் ரொட்டி தந்து உதவினார். அதற்கு முன் சார்லஸ்டவுனில் முகாம் போட்டிருந்தபோது காந்தியே நின்று பரிமாறினார். குறைவாகப் போட்டால் ஏன் குறைவு என்று சாப்பிடுகிறவனிடம் சொல்லிவிடுவார், அதற்கு மேல் அவன் முணுமுணுக்க மாட்டான். இந்தப் பக்கம் இந்தியாவில் கோகலே உடம்பு முடியாத நிலையிலும் அவர்களுக்காகப் பணம் திரட்டிக்கொண்டிருந்தார். அந்தப் போராட்டத்தில் சிறை போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ல் இறந்தாளே தில்லையாடி வள்ளியம்மை, அவளுக்கு வயது 16. அந்த வருடமே வரி ஒழிந்தது.

1915-ல் இந்தியா. இங்கே வந்த பிறகு அவர் கேட்ட தொகைகள் பெரிசு. 1921-ல் திலகர் சுயராஜ்ய நிதிக்கு ஜூன் 30-க்குள் ஒரு கோடி என்றார், வந்தது. 1925-ல் சித்தரஞ்சன் தாஸ் இறந்ததும் வங்காளத்திலேயே தங்கி, அவர் வீட்டைப் பெண்கள் மருத்துவமனையாக்க 10 லட்சம் கேட்டு அலைந்தார். 1927-ல் கதர் நிதிக்குத் தமிழ்நாடு முழுக்கச் சுற்றி, நவம்பரில் இலங்கைக்கும் போனார். இலங்கை ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்தது.

அந்த 1927 சுற்றில் செட்டிநாட்டில் நடந்தது வேடிக்கை. பெரிய பெரிய வீடுகளில் தங்க வைத்து, தாராளமாகக் கொடுத்தார்கள். நன்றி சொன்ன கையோடு, இத்தனை வெளிநாட்டுச் சாமான்களை வீட்டில் அடைத்து வைத்திருக்கிறீர்களே, என்னிடம் ஒப்பந்தம் விட்டிருந்தால் பத்தில் ஒரு பங்கு செலவில் முடித்திருப்பேன் என்கிற மாதிரி சொல்லிவிட்டு வந்தார். பணம் கொடுத்தவர் வீட்டுக் கூடத்திலேயே! நாம் யாராவது பெரிய நன்கொடையாளர் முன்னால் இப்படி வாய் திறப்போமா? பேனரில் அவர் படம் எவ்வளவு பெரிசாக வர வேண்டும் என்றுதான் கேட்போம்.

1930. நம் நடை போகிற வழியில் கேளம்பாக்கம் தாண்டினால் உப்பளம் வரும். வெள்ளையாகக் குவித்து வைத்திருப்பார்கள், காலை வெயிலில் கண் கூசும். அங்கே நின்றால் தண்டி யாத்திரை நினைவுக்கு வராமல் இருக்காது. மார்ச் 12-ல் சபர்மதியில் 78 பேரோடு கிளம்பி, 241 மைல், 24 நாள் நடந்து, ஏப்ரல் 6-ல் உப்பு எடுத்தார். அவர் எடுத்த அந்தச் சிட்டிகை உப்பு ஏலத்தில் 1,600 ரூபாய்க்குப் போனது. காசு கொடுத்தால் கடையில் கிடைக்கிற உப்பு!

ஆனால் பொருளாளர் என்ற முறையில் என் கண் நிற்பது வேறு இடத்தில். மார்ச் 29, சூரத் மாவட்டத்தில் பட்காம் என்ற ஊர். நடைக்குழுவுக்காகச் சூரத்தில் இருந்து லாரியில் பாலும் காய்கறியும் வந்திருக்கிறது. ராத்திரி நடைக்கு வெளிச்சம் காட்ட, பெட்ரோமாக்ஸ் மாதிரி ஒரு பெரிய விளக்கை ஏழைக் கூலியாள் ஒருவர் தலையில் சுமந்துகொண்டு, வேகமாக நடக்கச் சொல்லி விரட்டப்பட்டு, கூடவே ஓடி வந்திருக்கிறார். காந்திக்கு அது தாங்கவில்லை. அன்று கூட்டத்தில் அரசாங்கத்தைத் திட்டவில்லை, தன் குழுவைத்தான் பிடித்தார், தன்னையும் சேர்த்து. இந்த நாட்டு மனிதனின் சராசரி வருமானம் என்ன, நமக்கு ஆகிற செலவு என்ன, இப்படி நடந்தால் வைஸ்ராயின் சம்பளத்தைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை என்று கேட்டார். நடைக்குச் சேர்கிற பணத்தை நடையே தின்றுவிடக்கூடாது. நம் குழுவில் டி-ஷர்ட், தொப்பி, மெடல், டிரோன் கேமரா என்று போன கூட்டத்தில் ஒரு பட்டியல் வாசித்தார்கள். அதைக் கேட்டபோது எனக்கு அந்த விளக்குச் சுமந்தவர்தான் ஞாபகம் வந்தார். பட்டியலை நான் கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அதே ஏப்ரலில் நம் பக்கத்திலும் ஒரு நடை. ராஜாஜி 13-ஆம் தேதி திருச்சியில் இருந்து சுமார் நூறு தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு 150 மைல் கிளம்பினார். இவர்களுக்குச் சோறு போட்டாலோ இடம் கொடுத்தாலோ தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றைப் பொட்டலமாகக் கட்டி, நடக்கிற வழியில் மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். யார் கட்டினது என்று மரத்தையா விசாரிக்க முடியும்? 28-ஆம் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். 1933 நவம்பர் 7-ல் தீண்டாமை ஒழிப்புக்காகக் காந்தி ஒரு நீண்ட சுற்றுப்பயணம் தொடங்கினார். ஒன்பது மாதம், 12,500 மைல். ஹரிஜன நிதி என்று அன்று பெயர். 64 வயதில் அவர் செய்த வசூல் வித்தைகளைக் கேட்டால் இன்றைய விளம்பரக் கம்பெனிக்காரர்கள் நோட்டுப் போட்டு எழுதிக்கொள்வார்கள். கையெழுத்து வேண்டுமா, 5 ரூபாய். பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளையானாலும் விலை அதேதான். வரவேற்புப் பத்திரம் வாசித்து, வெள்ளிப் பேழையில் வைத்துக் கொடுத்தால், அதே மேடையில் அதை ஏலம் விடுவார். ஏலக்காரரும் அவரே! கிண்டல் செய்து, விலையை ஏற்றி, கூட்டத்தைச் சிரிக்க வைத்து விற்றுவிடுவார். மோதிரம், வளையல் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தால் போச்சு, கை நீண்டுவிடும். 1933 டிசம்பரில் சென்னைக்கும், 1934 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களுக்கும் இந்தக் கடையோடுதான் வந்தார்.

இரண்டுக்கும் நடுவில், 1934 ஜனவரியில் மலபாரில் வடகரை. அன்றைக்கு அது சென்னை மாகாணம். மேடையில் ஏலம் நடந்துகொண்டிருக்கிறது. கௌமுதி என்ற 16 வயதுப் பெண் வந்து, ஒரு வளையலைக் கழற்றிக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டாள். அவர் எழுதத் தொடங்குவதற்குள் இன்னொரு கை வளையலும் வந்தது. பிறகு கழுத்துமாலை. பிறகு காதணி. காந்தியே ஒரு கணம் திகைத்துவிட்டார். அப்பா அம்மாவுக்குத் தெரியுமா என்று விசாரித்தால், அப்பா அதே கூட்டத்தில் ஏலம் கேட்டுக்கொண்டிருக்கிறார். கொடுத்ததற்குப் பதிலாக வேறு நகை செய்து தரச் சொல்லி வீட்டில் கேட்கக்கூடாது என்று ஒரு நிபந்தனையும் வைத்தார். அவள் ஒப்புக்கொண்டாள். கொடுத்த நகைகளைவிட அந்தத் துறவுதான் உனக்கு மெய்யான ஆபரணம் என்ற பொருளில் எழுதிக் கையெழுத்திட்டார். பிற்காலத்தில் இந்தி ஆசிரியையாக இருந்த அந்த அம்மாள் கடைசி வரை தங்கம் அணியவில்லை. 2009-ல் காலமானார்.

பதினாறு வயதுப் பெண்ணிடம் வாழ்நாள் வாக்குறுதி வாங்கலாமா என்று என் மனைவி கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. என்னால் அப்படிக் கேட்க முடியாது. கேட்க முடிந்த மனிதர், 1901-லேயே தன் வீட்டு நகையை முதலில் வைத்துவிட்டுக் கேட்டார் என்பதை மட்டும் சொன்னேன். அது உங்க வீட்டம்மா நகைன்னு சொல்லுங்க என்றாள். அதுவும் சரிதான்.

எல்லாரும் கைதட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஊர் ஊராகக் கறுப்புக்கொடி, 1934 ஜூன் 25-ல் புனாவில் அவர் வந்ததாக நினைத்து ஒரு காரின்மேல் குண்டு வீச்சு. இன்னொரு பக்கம் அம்பேத்கர் வைத்த குற்றச்சாட்டு வேறு வகை, கனமானது. யாருக்காக நிதி திரட்டுகிறீர்களோ அந்த மக்களுக்கு ஹரிஜன சேவக சங்கத்தின் நிர்வாகத்தில் இடம் இல்லையே என்றார். அதை என்னால் ஒதுக்க முடியவில்லை. நம் நிதிக் குழுவில் ஏழு பேர், ஏழு பேரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், ஏழு பேரும் கட்டணம் கட்டிப் படித்தவர்கள். சென்ற வருடம் உதவி பெற்ற மாணவர்களில் இரண்டு பேரைக் குழுவில் சேர்க்க வேண்டும் என்று எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன். இந்த மலர் அச்சாவதற்குள் முடிவாகும் என்று நம்புகிறேன்.

அந்தப் பயணத்தின் நடுவில், 1934 மே 9 அன்று ஒரிசாவில் பூரியில் இருந்து, ரயிலையும் காரையும் விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார். மே மாத வெயில். கிராமம் கிராமமாக ஒரு சின்னக் கூட்டம். காரில் போயிருந்தால் இன்னும் நாலு நகரம், இன்னும் பெரிய பண முடிப்புகள். அது தெரிந்தேதான் இறங்கி நடந்தார். கடைசியில் பயணம் முடிந்தபோது நிதி சுமார் 8 லட்சம் ரூபாய். அதில் பெரும் பங்கு அணாவும் பைசாவுமாக வந்தது. 1946-47 நவகாளியில் கலவரம் எரிந்த கிராமங்களில் மறுபடி நடந்தார், வெறும் காலோடு. அங்கே அவர் காசு கேட்கவில்லை. 1948 ஜனவரி 30 மாலை பிரார்த்தனைக்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்று வேகமாக நடந்து போகும்போதுதான் சுடப்பட்டார்.

நம் நடைக்கு அவரிடம் இருந்து நான் எடுத்துக்கொண்டவை சில. சந்திப்பு மேடையில் விருந்தினர்களுக்குப் போர்த்துகிற பொன்னாடைகள் எல்லாம் அவர்கள் சம்மதத்தோடு அங்கேயே ஏலம். ஏலம் விட நம் மெக்கானிக்கல் துறைப் பேராசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார், அவர் குரலுக்கு மைக் வேண்டாம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் எல்லாரும் ஒரு மேஜையில் உட்காருவார்கள். அன்றைக்கு ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க எத்தனை நடை நடந்தோம்? இன்றைக்கு ஒரு கையெழுத்து 50 ரூபாய், விலைவாசி ஏறிவிட்டது. படூரிலும் கேளம்பாக்கத்திலும் குடியிருக்கிற நம் நண்பர்கள் வழியில் மரத்தடியில் இட்லிப் பொட்டலம் கட்டித் தொங்கவிடுகிறார்கள். உணவுச் செலவு நிதிக்குப் பைசா கிடையாது. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று எழுதித் தருகிறவர்கள் முன்பணமாகவே தர வேண்டும், நேட்டால் பாடம்.

க்யூ.ஆர். அட்டை ஒட்டியாயிற்று, காசு அதுவாகவே வந்து விழுகிறது. ஆனாலும் அச்சடித்த ரசீதுப் புத்தகம் வைத்திருக்கிறேன். 10 ரூபாய் போட்டாலும் ரசீது உண்டு. போன மாதம் ஒரு நாள் ராத்திரி 1,001 ரூபாய் வந்தது. பெயரைப் பார்த்தேன். நம் குழுப் புகைப்படத்தில் இல்லாத அந்தப் பெயர். கீழே ஒரு வரிச் செய்தி, ரசீது தபாலில் வேண்டும் என்று, முகவரியோடு. ரசீது எண் 17. எழுதும்போது கை கொஞ்சம் கோணிவிட்டது. அதே உறையில் இருபது ரூபாய்க் கதையையும் இரண்டு பக்கம் எழுதி வைத்து அனுப்பினேன். இதுவரை பதில் இல்லை.

நடைக்குக் காலை ஐந்தரை மணிக்குக் கல்லூரி வாசலில் கூட வேண்டும். தண்ணீர் பாட்டில் அவரவர் பொறுப்பு. கணக்குப் புத்தகம் பதிவு மேஜையில் திறந்தே இருக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.